குரல் நாற்பத்தொன்று

முகம் தெரியாத ஒன்றின் மேல் ஊரே பைத்தியமானதை அந்த வருடம்தான் பார்த்தேன். பனியனில் குரல் நாற்பத்தொன்று, காபிக் கோப்பையில் குரல் நாற்பத்தொன்று, ஆட்டோவின் பின்கண்ணாடியில் குரல் நாற்பத்தொன்று. என் அக்கா மகன் அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டு, "சித்தி, இதுக்கு நீதான அம்மா?" என்று கிண்டல் செய்வான். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

நான் அதைப் பெறவில்லை. கண்டுபிடித்தது 'செவி'. மஞ்சனூற்று மலை முழுக்க மரத்திலும் பாறையிலும் கொட்டாங்குச்சி அளவுக் கருவிகளைக் கட்டி வைத்திருக்கிறோம். ஓடை, தவளை, குரங்கு, காற்று என்று எல்லாவற்றையும் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிற இயந்திரம் அது. வானிலைக்காரர்கள் நாளைய மழையைச் சொல்வதுபோல, இது வரப்போகும் வருடங்களின் சத்தத்தைச் சொல்லும். எண்ணாக அல்ல, சத்தமாகவே. பத்து வருடம் கழித்து அந்த ஓடை எப்படி ஓடும் என்று கேட்டால் ஒலிபெருக்கியில் ஓடவிட்டுக் காட்டும். நான், ஜெசிந்தா, அந்தச் செவியைக் கட்டி மேய்க்கிறவள்.

அரசாங்கப் பணத்தில் மலை மேல் எதைக் கட்டினாலும், கட்டினால் வரும் எதிர்காலத்தையும் கட்டாவிட்டால் வரும் எதிர்காலத்தையும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மக்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அப்போது கட்டப்போவதாக இருந்தது மலை ரயில். அடிவாரத்துக் கல்லாத்துப்பட்டியில் கிளம்பி, காட்டைக் குடைந்து, மேலப்பாறைக் குடியிருப்பைத் தொட்டு, உச்சிக்குப் போகும் பல்சக்கர ரயில். சுற்றுலா நிதி என்று டெல்லியிலிருந்து வந்த பணம். மார்ச் முடிவதற்குள் அனுமதி கிடைக்காவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடக்கூட முடியாது.

செவி போட்டுக் காட்டிய இரண்டு எதிர்காலத்திலும் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. பட்டியலில் நாற்பத்தொன்றாவதாக இருந்த, என்னவென்றே தெரியாத ஒரு குரல், ரயில் வராவிட்டால் பத்தாம் வருடத்திலும் கேட்டது. ரயில் வந்தால் சுத்தமாக இல்லை. அவ்வளவுதான், தீ பிடித்துக்கொண்டது. மலைக் காப்பு மன்றத் தலைவர் பேராசிரியர் அனந்தபத்மன், அது தேவாங்கில் ஒரு புதுவகையாக இருக்கலாம் என்று ஒரு பேட்டியில் சொல்லிவைத்தார். மறுவாரமே பனியன் வந்துவிட்டது.

கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி சுந்தரவதனி அம்மாள். அவர் என்னைக் கூப்பிட்டு, "அது என்ன ஜந்துன்னு தெரியாம நான் என்னத்தை எழுதறது? போய்ப் பார்த்துட்டு வாங்கம்மா" என்றார். சரியாகத்தான் கேட்டார். அதுவரை யாருமே கேட்காததுதான் ஆச்சரியம்.

கல்லாத்துப்பட்டி அரசு ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு ராக்கு அக்கா அறிமுகமானார். மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, அதில் ஒரு மனிதரை உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ராக்கு மட்டும் மாத்திரை வரிசையில் நின்றார். குரல் நாற்பத்தொன்று அதிகம் பதிவானது மேலப்பாறைப் பாதையில்தான், அதற்கு வழி கேட்டேன்.

"என்கூட வா தாயி, நானும் அங்கதான் போறேன். டோலி முன்னால போகட்டும். அவங்க நடைக்கு உன்னால ஈடு குடுக்க முடியாது."

டோலியில் போனவர் அவருடைய வீட்டுக்காரர் சடையன். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை கீழே வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். தூக்குகிறவர்கள் எல்லாரும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர்கள், தூக்கும் நாளில் கூலி கிடையாது. மழை பிடித்தால் பாதை வழுக்கும், வர மாட்டார்கள். அந்த வாரம் ஒரு தடவையோடு சரி. சில வாரம் அதுவும் இல்லை. இதையெல்லாம் ராக்கு ஏதோ அடுத்த வீட்டுக் கதை போலச் சொல்லிக்கொண்டே ஏறினார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஒரு வளைவில் மூங்கில் புதர் அடர்ந்திருந்தது. ராக்கு நின்றார். மாத்திரைப் பையை என் கையில் கொடுத்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்து, வயிற்றிலிருந்து மூச்சை இழுத்துக் கூவினார். அதில் வார்த்தை எதுவும் இல்லை. கீழிருந்து ஏறி, உச்சியில் கொஞ்சம் தங்கி, உடைந்து இறங்கியது.

நான் ஆயிரம் தடவை கேட்ட சத்தம். பனியன், கோப்பை, ரிங்டோன் எல்லாம் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றது.

மேலே எங்கிருந்தோ இன்னொரு கூவல் வந்தது. மெலிந்த குரல், பாதியிலேயே இற்றுவிட்டது. ராக்குவின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது.

"அது யாருக்கா?"

"வேற யாரு, எங்க வீட்டுக்காரருதான். ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வந்தா ஆளு அசந்துருவாரு. தூக்குறவங்க மூச்சு வாங்கிட்டுப் போவாங்க, அவருகிட்டப் பேச்சுக் குடுக்க மாட்டாங்க. நான் வளைவுக்கு வளைவு கூவுவேன். பதில் குடுத்தா ஆளு தெளிவா இருக்காருன்னு அர்த்தம்."

"நீங்க மட்டும்தான் இப்படிக் கூவுவீங்களா?"

"இந்தப் பாதையில நடக்குற எல்லாருந்தான். சாமி நிக்கும்ல?" யானையைத்தான் சாமி என்றார். "நாங்க வாரோம், ஒதுங்கிக்கன்னு சொல்லணும். அதுவும் ஒதுங்கிக்கும். எனக்கு இப்ப சாமிக்கும் அவருக்கும் சேத்து ஒரே கூவல்."

நான் செல்போனில் குரல் நாற்பத்தொன்றைப் போட்டுக் காட்டினேன். கதையையும் சொன்னேன். ராக்கு பாறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இதைக் காப்பாத்தவா பட்டணத்துக்காரங்க வண்டி பிடிச்சு வந்து கோஷம் போட்டுட்டுப் போறாங்க?"

"ரயில் வந்தா இந்தக் குரல் இல்லாமப் போயிடும்னு செவி சொல்லுதுக்கா."

"போகத்தான செய்யும். ரயில்ல உக்காந்துக்கிட்டு எவ கூவுவா?"

இந்தச் சாதாரணப் பதில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கு ரயில் வேண்டுமா என்று கேட்டேன்.

"எனக்கு ரயில் எதுக்கு? ரத்தம் சுத்தம் பண்ற மிசினு ஒண்ணு மேலப்பாறையில வச்சாப் போதும். ரயில்தான் வரும்னா ரயிலு வரட்டும். ஓடையை வெட்டிருவாங்க, குடிக்கிற தண்ணிக்கு அலையணும், அதுவும் தெரியுது. என்ன பண்ணச் சொல்ற? அவரு இருந்தாத்தான தண்ணியே." அவர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "நட தாயி. அடுத்த வளைவுல கூவணும்."

இறங்கியதும் நேரே அனந்தபத்மன் சாரின் வீட்டுக்குப் போனேன். மனிதர் தங்கமானவர். சொந்த நிலத்தை விற்று வழக்கு நடத்தியவர். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"செவி எப்படிம்மா மனுஷக் குரலைக் காட்டோட சேர்க்கும்?"

"நாமதான சார் அதுக்குக் கத்துக்குடுத்தோம். பேச்சு, வண்டி, கோடரி, செல்போன் பாட்டு, இதெல்லாம் மனுஷன்னு சொன்னோம். மனுஷன் வந்தா குரங்கு அலறும், பறவை கிளம்பும்னு சொன்னோம். இந்தக் கூவலுக்கு ஒரு குருவிகூடக் கிளம்பலை. அது கேட்டுக் கேட்டுப் பழகின சத்தம். செவி பாத்துச்சு, இது மலையைச் சேர்ந்ததுதான்னு எழுதிக்கிச்சு."

"செவி தப்பு பண்ணலைன்னே தோணுது" என்றார் மெதுவாக, இருமலுக்கு நடுவில். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்க்காமல், "மார்ச் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அதுவரைக்கும் இதை வெளிய சொல்லாதீங்க ஜெசிந்தா" என்றார்.

"சார்!"

"ரயில் வந்தா மூணு ஓடை வறண்டுடும். பாறைத் தவளை அடியோட போயிடும். அதையும் இதே செவிதான் சொல்லுச்சு. தவளைக்காக ஒருத்தராவது பனியன் போட்டாங்களா? நாற்பத்தொன்னுக்காகத்தான் ஜனங்க வந்தாங்க. அது மனுஷங்கன்னு தெரிஞ்சா நாளைக்குச் சிரிப்பாச் சிரிப்பாங்க. அந்தச் சிரிப்போட சேந்து தவளையும் போயிடும், ஓடையும் போயிடும்."

"அந்த மனுஷன் போயிடுவாரே சார். அவருக்கு என்ன வழி?"

சார் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். அவர் சொன்னது பொய்யாக இருந்தால் நான் சுலபமாகச் சண்டை போட்டிருப்பேன். அத்தனையும் உண்மை, அதுதான் கோபத்தைக் கிளப்பியது.

கூட்டம் வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறிக்கையை எழுதுவேன், அழிப்பேன். சொன்னால் ஓடை போச்சு. சொல்லாவிட்டால் சடையன். இந்த இரண்டுக்கும் நடுவில் முடிவு செய்ய என்னை யார் உட்கார வைத்தது என்று சுவரைப் பார்த்துத் திட்டினேன். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சமையல்கார அம்மாவிடம் கத்தினேன், உப்பு இருந்தது. இதற்கு நடுவில் மழை வேறு பிடித்துக்கொண்டது. நேரடி ஒலியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த வாரம் பாதையில் கூவலே இல்லை. டோலி இறங்கவில்லை.

கருத்துக் கேட்பு, கல்லாத்துப்பட்டிக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. ரயில்காரர்கள் ஒரு பக்கம் வேனில் ஆள் கொண்டுவந்தார்கள், மன்றத்துக்காரர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் சாப்பாட்டுப் பொட்டலம். மேலப்பாறைக்காரர்கள் எந்த வேனில் ஏறுவது என்று தெரியாமல் நடந்தே வந்திருந்தார்கள். ராக்கு கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கை காட்டினார். அறிக்கை என் பைக்குள் இருந்தது. அதில் குரல் நாற்பத்தொன்றுக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

சட்டப்படி மின்விசிறியை நிறுத்தினோம். செல்போன்களை அணைத்தார்கள். முதலில் ரயில் இல்லாத பத்தாம் வருடம். ஓடை சலசலத்தது. தவளைகள் கிளம்பின. ஒரு மரங்கொத்தி. பிறகு, எல்லாரும் காத்திருந்த அந்தக் கூவல் எழுந்து, நின்று, உடைந்து இறங்கியது. மண்டபத்தில் யாரோ விசும்பினார்கள். ஒரு பெண் பக்கத்திலிருந்தவரைக் கட்டிக்கொண்டாள். கூவல் மறுபடி வந்தது. இன்னொரு தடவை வந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

நீதிபதி அம்மாள் அடுத்ததைப் போடச் சொன்னார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ராக்கு எழுந்தார்.

"தாயி, அதை இன்னொருக்கா போடு."

காவலர் உட்காரச் சொன்னார். நீதிபதி, "அவங்களும் பொதுமக்கள்தானே, விடுங்க" என்றார். நான் மறுபடி போட்டேன். ராக்கு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கூவல் வந்தது. அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடி கூவல். மறுபடி காத்திருந்தார். முடிந்தது.

"இது என் குரல்தான். வயசாகியிருக்கு, ஆனா என்னுதுதான்" என்றார். மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. அவர் கையைக் குவித்து அங்கேயே ஒரு தடவை கூவினார். சிரிப்பு பட்டென்று நின்றது. பனியன் போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ராக்கு யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் கேட்டார். "நான் கூவுறேன். அவரு ஏன் பதில் குடுக்கல?"

ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். குரல் இருக்கிறதா, இல்லையா என்று மட்டுமே கேட்டிருக்கிறேன். செவி அதை எப்போதும் ஜோடிக் குரல் என்றுதான் குறித்து வைத்திருந்தது. பத்தாம் வருடத்தில் ஒற்றைக் குரல்தான் இருக்கிறது என்பது என் காதில் விழவே இல்லை. ஒவ்வொரு வருடமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். ஒன்பது, எட்டு, ஏழு. கூவல் மட்டும்தான். மூன்றாம் வருடத்தில் ஒரு பதில் வந்தது, நூலாக. அதற்கப்புறம் இல்லை.

"இந்த மிசினுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ராக்கு. குரலில் அழுகை இல்லை, அதட்டல் இருந்தது.

"அதுக்கு அவரைத் தெரியாதுக்கா. அந்தப் பதில் குரல் மழைக்கு மழை தேய்ஞ்சுட்டே வருது, அதை வச்சுச் சொல்லுது. டோலி இறங்காத வாரத்துக்கு அப்புறம் குரல் ரொம்ப இறங்கிடுது."

"சரி. ரயிலு வந்தா?"

ரயில் வந்த பத்தாம் வருடத்தைப் போட்டேன். பல்சக்கரம் கடகடத்தது. ஹார்ன். சுற்றுலாக்காரர்களின் கூச்சல். ஓடைச் சத்தம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தவளை இல்லை. கூவலும் இல்லை, பதிலும் இல்லை.

"இதுல நானே இல்லையே. நாங்க ரெண்டு பேரும் ரயில்ல உக்காந்து போறோமா, இல்ல ரெண்டு பேருமே போய்ச் சேந்துட்டோமா?"

"தெரியலைக்கா. சத்தம் இல்லேன்னா செவிக்கு ஒண்ணும் தெரியாது."

ராக்கு நீதிபதியைப் பார்த்தார். "அம்மா, அந்த மிசினு மேலப்பாறையில இருந்தா எப்படிக் கேக்கும்னு ஒருக்கா போடச் சொல்லுங்க. ரயிலும் வேணாம், டோலியும் வேணாம்."

சட்டத்தில் இரண்டு எதிர்காலத்துக்குத்தான் இடம் உண்டு. நீதிபதி அம்மாள் என்னைப் பார்த்தார். மேசை மேல் இருந்த சட்டப் புத்தகத்தை மூடி வைத்தார். நான் போட்டேன். செவி கணக்குப் போட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்து போகவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

ஓடை வந்தது. தவளைகள் வந்தன. வெகுநேரம் அவ்வளவுதான். அப்புறம் எங்கோ மேட்டில் ஒரு கூவல், தேன் எடுக்கவோ விறகுக்கோ போன ராக்குவாக இருக்கும். நான் ஒலியைக் கூட்டினேன். ஒரு கிழக்குரல், கரகரத்து, ஆனால் முழுதாகப் பதில் சொன்னது.

ராக்கு அப்போதுதான் அழுதார்.

இதோடு கதை சுபமாக முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ரயில்காரர்கள் ஒரு மனு போட்டார்கள், மன்றத்துக்காரர்கள் ஒரு மனு போட்டார்கள். நீதிபதி அம்மாள் டயாலிசிஸ் அறைக்காக மூன்று துறைக்கு எழுதினார். சுற்றுலா நிதியை ஆஸ்பத்திரிக்குத் திருப்ப விதியில் இடமில்லை என்று மூன்று துறையும் ஒரே வாசகத்தில் பதில் அனுப்பின. அனுமதி வருவதற்குள் மார்ச் முடிந்தது. பணம் டெல்லிக்குத் திரும்பிப் போனது. ரயிலும் இல்லை, மிஷினும் இல்லை. பனியன்கள் தள்ளுபடி விலைக்கு வந்தன.

சித்திரையில் ஒரு நாள் நேரடி ஒலியைத் திறந்து வைத்திருந்தேன். பாதையில் வழக்கத்துக்கு மாறாக நிறையக் காலடிச் சத்தம். நடுவில் யாரோ ஒருவர் இருமி இருமி நடந்தார். அந்த இருமலை எனக்குத் தெரியும். மறுநாளே கல்லாத்துப்பட்டிக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் டோலி நின்றது. அதன் ஒரு மூங்கில் முனைக்குக் கீழே, தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு அனந்தபத்மன் சார் நின்றார். கூடவே மன்றத்துப் பிள்ளைகள், முறை வைத்துக்கொண்டு. சிலர் இன்னும் அந்தப் பனியனையே போட்டிருந்தார்கள்.

"மழையானாலும் வாரத்துக்கு ரெண்டு தடவை, தவறாம" என்றார் சார். என் முகத்தைப் பார்க்க இப்போதும் கூச்சப்பட்டார். "அந்த ரூம் வர்ற வரைக்கும் வேற என்னம்மா பண்றது?"

"முட்டி வலியோட வந்து நின்னுக்கிட்டு. இவரையும் சேத்துத் தூக்கணும் போல" என்றார் ராக்கு. கம்பளிக்குள்ளிருந்து சடையன் சிரித்தார். அவரை நான் அன்றுதான் முகம் பார்த்தேன். நரைத்த மீசை, பெரிய காது.

ஆவணி வரை பொறுத்திருந்தேன். மழை மாதங்கள் செவிக்குள் போன பிறகு, ரயில் இல்லாத எதிர்காலத்தை மறுபடி போட்டேன். மூன்றாம் வருடம், கூவல், பதில். நான்காம் வருடத்தை நகர்த்தவே கை வரவில்லை. கூவல் வந்தது. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். பதில் வந்தது. நாலாம் வருட முடிவு வரைக்கும் வந்தது. ஐந்தில் இல்லை.

ராக்குவுக்குப் போன் போட்டேன்.

"எத்தனை வருசம்னு சொல்லாத தாயி" என்றார் எடுத்தவுடனே. "பதில் வருதான்னு மட்டும் சொல்லு."

"வருதுக்கா."

"அப்பச் சரி" என்று வைத்துவிட்டார். பாதையில் இருந்தார் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் என் மேசையிலிருந்த ஒலிபெருக்கியில் அவர் கூவுவது கேட்டது. நான் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.